வர்ணமெட்டின் வழி: பழனி மலைத்தொடரில் திரைக்கு வெளியே வளர்ந்த பாடல்கள்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்த பிறகு, பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்னும் எண்ணம் தமிழ் கேட்போரிடையே மெல்ல ஊன்றி, அதற்கு வெளியே பிறந்த பாடல்களைத் தேடிக் கேட்பது ஒரு சிறு வட்டத்தின் விருப்பமாகச் சுருங்கியது. படத்தையோ பெரும் நிறுவனத்தையோ சாராமல், ஆக்கியவரே வெளியிட்டு ஊர்ஊராகக் கொண்டுசெல்லும் பாட்டைச் சுயாதீன இசை என்றும் இண்டி என்றும் அழைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. ஆனால் அத்தகைய பாட்டுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பல கட்டங்களை ஒரே நிலப்பரப்பில் வைத்துப் பார்க்க இடம் தருவது, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் பழனி மலைத்தொடர். அதன் வடக்கு அடிவாரத்தில் முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான பழனி இருக்கிறது. மேல்மலையில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து நகராக வளர்ந்த கொடைக்கானல் இருக்கிறது. அடிவாரத்தின் காவடிப் பாட்டுக்கும் மலைமேல் நகரைப் பற்றி 2015இல் எழுந்த ஆங்கில ராப் பாட்டுக்கும் உறவில்லை என்றே முதற்பார்வையில் தோன்றும். இரண்டும் மக்களிடம் சென்று சேர்ந்த முறையை ஒப்பிட்டால், ஒன்றின் வழக்கத்தையே மற்றொன்று தொடர்ந்திருப்பது தெரியவரும்.

இம்மலையின் பாட்டு வரலாற்றில் மிகப் பழைய பெரும் அடுக்கு, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அருணகிரிநாதரின் திருப்புகழ். சந்தப்பாட்டு என்று சொல்லப்படும் இவ்வகையில், குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் ஓர் ஒழுங்கில் அடுக்கப்படுவதால், சொல்லைச் சரியாக உச்சரித்தாலே தாளம் தானாகப் பிறந்துவிடுகிறது. பழனியின் மேல் அவர் பல பாடல்கள் பாடியிருக்கிறார். கொடைக்கானலுக்கு மேற்கே, மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் பூம்பாறையின் குழந்தை வேலப்பர் மீதும் ஒரு திருப்புகழ் உண்டு. மலைமேல் உள்ள அச்சிற்றூரின் பெயரைப் பாட்டுக்குள் ஏற்றிவைத்த கவிஞரின் பாடல்களே பிற்காலத்தில் பெரும்பகுதி மறைந்துபோயின என்பதும், அவற்றைத் தேடியெடுக்க ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

அத்தேடலைச் செய்தவர் நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப் பதவி வரை உயர்ந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை. 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் சான்றாகக் காட்டப்பட்ட திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைக் கேட்டு வியந்த அவர், இப்படி இன்னும் எத்தனை பாடல்கள் எங்கெங்கே கிடக்கின்றனவோ என்று தேடத் தொடங்கி, பணிமாற்றம் பெற்ற ஊர்களிலெல்லாம் ஏட்டுச்சுவடி வைத்திருப்போரைக் கண்டு, படியெடுத்து, ஒப்பிட்டுத் திருத்தி, 1890-களில் முதற்பாகத்தை அச்சிட்டார். அருணகிரிநாதர் 16,000 பாடல்கள் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300. சுப்பிரமணிய பிள்ளையின் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை பிற்காலத்தில் அவற்றுக்கு உரை எழுதி, தந்தையின் பணியை முழுமையாக்கினார். ஒரு பாட்டைத் தற்செயலாகக் கேட்டதிலிருந்து ஒரு பெருந்தொகுதி உருவான இந்நிகழ்வு, உ.வே. சாமிநாதையரின் சங்க நூல் தேடலுக்கு இணையாக வைத்துப் பேசப்பட வேண்டியது. அந்த அளவுக்கு அது பேசப்படவில்லை.

அச்சேறிய பாட்டு பாடப்படாவிட்டால் ஏட்டில் கிடந்ததற்கும் நூலில் கிடப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. திருப்புகழை வாய்ப்பாட்டாக ஊர்தோறும் பரப்பியவர்களுள் முதன்மையானவரான வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950), துறவு ஏற்பதற்கு முன் மைசூர் அரண்மனையில் சமையற்பணியில் இருந்தவர். தீராத வயிற்றுநோயோடு பழனிக்கு வந்து நலம்பெற்றார் என்றும், பழனிக் கோயிலில் திருப்புகழ்ப் பாட்டொன்று ஆடலோடு பாடப்பட்டதைக் கேட்டதே அவர் வாழ்வைத் திருப்பியது என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. சொந்தமாகப் படிக்கத் தெரியாத நிலையிலிருந்து தமிழ் கற்றுக்கொண்டு பாடலைப் பயின்ற அவரும், சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த முன்சீப்பும் வேறுவேறு உலகத்தவர். ஆனால் இருவருக்கும் பாட்டு முதலில் காதுவழியாகவே வந்திருக்கிறது.

திருப்புகழ் பயிற்சி பெற்றவர்க்குரிய பாட்டு என்றால், காவடிச் சிந்து நடப்பவர்க்குரிய பாட்டு. தோளில் கிடக்கும் மரத்தண்டின் மேல் வளைவு கட்டி, மயிற்பீலி சூட்டி, இருமுனையிலும் பாற்குடமோ சர்க்கரையோ தொங்கவிட்டுச் சுமக்கும் காவடி, நடப்பவரின் ஒவ்வோர் அடிக்கும் ஒருபுறம் தாழ்ந்து மறுபுறம் எழுகிறது. அந்த ஆட்டத்துக்கு இசைவான பாட்டே கால்வலியை மறக்கச் செய்யும். சிந்து என்னும் இசைப்பா வகையில் எதுகையும் மோனையும் நெருக்கமாக விழுகின்றன. அடிகளின் ஈற்றில் இயைபு, அதாவது கடைசிச் சொற்கள் ஒலியால் ஒத்துவருவது, தவறாமல் அமைகிறது. முன்னே செல்பவர் ஓர் அடியைப் பாட, பின்வருவோர் ஈற்றுச் சொல்லைக் கேட்டதுமே அடுத்த அடியின் முடிவை ஊகித்துச் சேர்ந்துகொள்ள முடியும் என்பதால், பாட்டை முன்பின் அறியாதவரும் சிறிது தொலைவு நடப்பதற்குள் பாடகராகிவிடுகிறார். இடையிடையே எழும் அரோகரா முழக்கம், முன்பாடுபவர் மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளியாகவும் பயன்படுகிறது.

இந்நாட்டார் வடிவத்துக்கு இலக்கியத் தகுதி பெற்றுத் தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891). திருவாவடுதுறை மடத்தில் தமிழ் பயின்று, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்த அவர், ஜமீன்தாரின் காவடிப் பயணத்தையொட்டிக் கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச் சிந்து, பாடியவர் இருபத்தாறு வயதிலேயே மறைந்த பின்னும் தென் தமிழ்நாடெங்கும் பரவியது. பாட்டின் தலம் கழுகுமலை என்றாலும், அதன் மெட்டு எந்த முருகன் தலத்துக்குச் செல்வோருக்கும் பொருந்தியது. ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும், பழனிக்குரிய புதுப்பாட்டு ஆகிவிடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே காலத்தில் ஒரே ஊரை நோக்கி நடக்கும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும், செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாகச் சுமந்துவரும் காவடிகளும், எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் வரும் காவடியும், கொடுமுடியிலிருந்து காவிரி நீர் கொண்டுவரும் தீர்த்தக் காவடியும் பழனியைப் பாட்டுகள் கூடிக் கலக்கும் இடமாக ஆக்கின. சோழநாட்டு மெட்டும் கொங்குநாட்டு மெட்டும் பாண்டிநாட்டு மெட்டும் அடிவாரத்தில் ஒன்றையொன்று கேட்டன; வரும்போது ஒரு பாட்டோடு வந்தவர்கள் திரும்பும்போது இரண்டு மூன்று பாட்டுகளோடு போனார்கள். நகரத்தாரும் தோட்டத் தொழிலாளரும் இவ்வழக்கத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றதன் விளைவாக, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டுவரும் மலேசியாவின் பத்துமலையில் இன்று உறுமி மேளக் குழுக்கள் தமக்கெனப் புதுப்பாட்டுகள் கட்டி வெளியிடும் நிலை தோன்றியிருக்கிறது.

நடந்து பரவிய பாட்டுக்கு அச்சு இரண்டாவது காலைக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் அச்சிடப்பட்டு, தமிழ்நாடெங்கும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ரயில் நிலையங்களிலும் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களுக்குக் குஜிலி நூல்கள் என்று பெயர். வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றை ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற தலைப்பில் ஆராய்ந்து, அறிஞர் உலகம் ஒதுக்கிவைத்த ஒரு பெரும் எழுத்துப்பரப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்ட, மட்டமான தாளில் எழுத்துப்பிழைகள் மலிய அச்சான அப்புத்தகங்களில் முருகன் பேரில் காவடிச் சிந்தும், வழியில் தென்படும் ஊர்களைச் சொல்லிக்கொண்டே நடக்கும் வழிநடைச் சிந்தும் மட்டுமல்லாமல், வெள்ளம், ரயில் விபத்து, கொலை, பஞ்சம் முதலிய அன்றாடச் செய்திகள் மீது கட்டப்பட்ட சிந்துகளும் இருந்தன. விற்பவரே முச்சந்தியில் நின்று பாடுவார். கூட்டம் சேர்ந்து, பாட்டு பிடித்துப்போனால், காலணாவோ அரையணாவோ கொடுத்து வாங்கிச் செல்வார்கள். பாட்டை ஆக்குவதும் பாடுவதும் அச்சிடுவதும் விற்பதும் பெரும்பாலும் சிலர் கைக்குள்ளேயே நடந்த அவ்வணிகத்தை, இன்றைய சுயாதீன இசையின் முன்னோடி என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

அப்புத்தகங்களின் பக்கங்களில் ஒரு சிறு வரி மிகுந்த கவனத்துக்குரியது. பாட்டின் தலைப்புக்கும் முதலடிக்கும் இடையில், மக்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு பாட்டின் தொடக்கச் சொற்களைக் கொடுத்து, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். வர்ணமெட்டு என்பது ஏற்கெனவே வழங்கும் இசையமைப்பு. புதிய சொற்களை அதன்மேல் ஏற்றிப் பாட வேண்டும் என்பதே அவ்வரியின் பொருள். இசைக்குறியீடு அச்சிடாமலும், கற்பிக்க ஆசிரியர் இல்லாமலும், முன்பின் கேட்டிராத பாட்டை வாங்கிய அன்றே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப்பார்க்க வழிசெய்த ஏற்பாடு இது. காவடிச் சிந்தின் மெட்டில் கொலைச்செய்தி பாடப்பட்டது. நாடக மேடையில் புகழ்பெற்ற மெட்டில் தேச விடுதலை பாடப்பட்டது. பாரதி நொண்டிச் சிந்தின் வடிவத்தைத் தம் நாட்டுப்பாடலுக்கு எடுத்துக்கொண்டதும் இதே மனப்பாங்கில்தான். புரவலரோ மேடையோ இல்லாத புதுப்பாட்டு, பழைய பாட்டின் தோளில் ஏறி ஊருக்குள் வந்தது என்பதால், மெட்டை இரவல் வாங்கியதை அக்காலத்தவர் யாரும் குறையாகக் கருதவில்லை.

இசைத்தட்டு வந்தபோது நிலைமை சற்று மாறியது. குறிப்பிட்ட பாட்டு குறிப்பிட்ட குரலோடு பிணைந்தது. தீர்த்தக் காவடி புறப்படும் கொடுமுடியிலேயே பிறந்த கே.பி. சுந்தராம்பாள் (1908–1980), நாடக மேடையில் வள்ளியாகப் பாடிப் பெற்ற புகழோடு இசைத்தட்டுக்கும், பிறகு திரைக்கும் சென்றார். அவருடைய முருகன் பாடல்கள் பெட்டிப்பாட்டு வைத்திருந்த வீடுகளின் வழியே ஊர் முழுவதற்கும் கேட்டன. பழனியோடு நெருக்கமாகப் பிணைந்த இன்னொரு பாட்டின் கதை, பாடல் தேடுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. பழனியில் விடுதியொன்றில் தங்கியிருந்த டி.எம். சௌந்தரராஜன், அங்கே வேலை செய்த சிறுவன் ஒருவன் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்த முருகன் பாட்டைக் கேட்டு, அவனை அழைத்துப் பாடச்சொல்லி எழுதிக்கொண்டார் என்பதும், அச்சிறுவன் இஸ்லாமியர் என்பதும், பாட்டை எழுதியவர் யார் என்று அவனுக்கும் தெரியவில்லை என்பதும் பாடகர் பிற்காலத்தில் சொல்லிவந்ததாகப் பரவலாக அறியப்படும் செய்திகள். ‘உள்ளம் உருகுதய்யா’ என்று அவர் குரலில் தமிழுலகம் முழுதும் பரவிய அப்பாட்டை ஆக்கியவர், மரகதம் என்னும் இயற்பெயர் கொண்ட ஆண்டவன் பிச்சை என்ற பெண் கவி. பல ஆண்டுகள் கழித்துச் சென்னைக் காளிகாம்பாள் கோயிலில் பாட்டு கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகே சௌந்தரராஜனுக்கு அவர் பெயர் தெரியவந்தது என்கிறது அதே செய்தி.

இச்செய்தியில் நெகிழ்ச்சி மிகுதி என்பதால் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வரலாற்று நோக்கில் அதன் முதன்மை வேறோரிடத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு பெண் பாடிய பாட்டு, அவருடைய பெயரை வழியில் எங்கோ விட்டுவிட்டு, எந்தத் தட்டின் துணையும் இன்றிப் பழனி விடுதிச் சிறுவனின் வாய்வரை வந்திருக்கிறது. திருவிழாக் கூட்டமும் விடுதியும் அடிவாரக் கடைகளும் சேர்ந்து, வானொலிக்கும் திரைக்கும் எட்டாத பாட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடமாகப் பழனி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாட்டு பிழைத்து ஆக்கியவர் பெயர் தொலைவது இத்தகைய பரவலின் நிலையான இழப்பு. பெண்கள் எழுதிய பாடல்களுக்கு அவ்விழப்பு கூடுதலாகவே நேர்ந்திருக்கிறது.

1980-களில் ஒலிநாடா மலிந்தபோது பழனி அடிவாரக் கடைகளில் பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ஏ.ஆர். ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் முதலியோரின் திரைசாராப் பாடல்கள் விபூதியோடும் பஞ்சாமிர்தத்தோடும் சேர்ந்து விற்றன. மலைமேல் நிறுவப்பட்ட அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், உயரத்தின் துணையால் சமவெளியின் பல மாவட்டங்களை எட்டியது. அதன் நேரத்தில் பெரும்பங்கு திரைப்பாட்டுக்கே சென்றது.

கொடைக்கானலைப் பற்றி உலகம் கேட்ட பாட்டு வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டு, நிறுவனக் கைமாற்றங்களால் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அளவுக்கு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருட்கிடங்கு ஒன்றில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்தியதை அடுத்து ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவுகள் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஆனால் ஆலை வளாகத்தின் மண்ணும், அதையொட்டிய பாம்பாற்றுச் சோலைக்காடும், முன்னாள் தொழிலாளரின் உடல்நலமும் பற்றிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, செய்தித்தாள்களின் உட்பக்கங்களுக்கு ஒதுங்கிவிட்டது.

அந்நிலையில் 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்னும் ஆங்கில ராப் பாட்டை வெளியிட்டார். ராப் என்பது தாளத்தின் மேல் சொற்களைப் பேச்சும் பாட்டுமாக அடுக்கிச் செல்லும் முறை. போபால் நச்சுவாயு நிகழ்வு பற்றியும் அவர் முன்னரே அம்முறையில் பாடியவர். ரதீந்திரன் பிரசாத் இயக்கிய அக்காணொளி சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோரால் பார்க்கப்பட்டதற்கு முதற்காரணம் அதன் மெட்டு: அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் அப்போது உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ‘அனகோண்டா’ பாட்டின் மேல் சோஃபியா தம் சொற்களை ஏற்றியிருந்தார். நிக்கி மினாஜே அதைத் தம் பக்கத்தில் பகிர்ந்தார். நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்ற நிலையிலிருந்து மாறாமல், மனிதாபிமான அடிப்படையில் தொகை வழங்குவதாக அது அறிவித்தது. பதினைந்து ஆண்டுகள் மனுவும் போராட்டமும் நடத்திய தொழிலாளர் சங்கத்தின் உழைப்பை மறந்துவிட்டு அவ்வெற்றியைப் பாட்டுக்கு மட்டும் உரியதாக்குவது தவறு. உள்ளூர்ச் செய்தியாய் ஒடுங்கிப்போனதை உலகச் செய்தியாக்கியது பாட்டுதான் என்பதிலும் ஐயமில்லை.

இங்கே நடந்தது வர்ணமெட்டு வழக்கமே. ஊரறிந்த மெட்டு, அதன்மேல் ஒரு செய்தி, ஆக்கியவரே முச்சந்தியில் நின்று பாடுவது என்ற மூன்றும், ரயில் விபத்துச் சிந்து பாடி விற்ற குஜிலிப் பாடகரிடம் இருந்தவை. சோஃபியா அஷ்ரஃப் அம்மரபைப் படித்துப் பின்பற்றினார் என்று கருத வேண்டியதில்லை. புரவலர் இல்லாத பாட்டுக்கு எக்காலத்திலும் இருக்கும் ஒரே வாகனம் கேட்பவரின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் மெட்டு என்பதால், இருவரும் ஒரே வழியைக் கண்டடைந்தார்கள் என்பதே பொருத்தம். ஆலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குத் தூய்மை செய்தால் போதும் என்ற திட்டத்தை எதிர்த்து 2018இல் வெளிவந்த ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ பாட்டில், சோஃபியாவோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் பாடினார்கள். முந்தைய ஆண்டில் கபேர் வாசுகி எழுதிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடலை’ எண்ணூரின் கழிமுகத்தில் நின்று பாடியிருந்த கிருஷ்ணா, கர்நாடக இசையை இம்மலையின் மண்ணைப் பற்றிய வழக்குக்குள் கொண்டுவந்தார். இரவல் மெட்டிலிருந்து சொந்த மெட்டுக்கு நகர்ந்த அவ்விரண்டாம் பாட்டு இசையால் செறிவானது. முதற்பாட்டின் அளவுக்கு அது ஊர்ஊராகப் போகவில்லை.

இம்மலைத்தொடரின் மூத்த குடிகளான பளியரின் பாட்டுகளுக்கு இந்த வழிகளில் எதுவும் வாய்க்கவில்லை. இயேசு சபைத் துறவி எஃப். டாமன் 1908இல் பழனி மலைப் பளியர் குறித்து ‘ஆன்த்ரோபோஸ்’ ஆய்விதழில் கட்டுரை எழுதினார். அவருக்குப் பின்னும் மானிடவியலார் வந்து சென்றிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குறித்துக்கொண்டவை பெரும்பாலும் உறவுமுறையும் உணவும் வழிபாடும். தேனெடுக்கும்போதும் சடங்கிலும் பாடப்படும் பாட்டைப் பாடுபவர் பெயரோடு முழுதாகப் பதிவுசெய்யும் முயற்சி, ஒரு வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் பிடிவாதத்தோடு, அங்கே நடைபெற்றாக வேண்டும்.

அடிவாரத்துப் பழைய பாட்டுகளுக்கு இருக்கும் இடர் வேறு வகையானது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளில் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், அறிஞர்கள் குப்பையென்று கருதிய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சொற்கள் அங்கே இருக்கின்றன. இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற வரியும் இருக்கிறது. அந்த இன்ன பாட்டு எப்படி ஒலித்தது என்பது பல இடங்களில் தெரியாமல் போயிருக்கிறது. இரவல் கொடுத்த பாட்டு மறைந்தால் இரவல் வாங்கிய பாட்டும் ஊமையாகிவிடுகிறது. ஆனால் செட்டிநாட்டிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் நடந்துவரும் காவடிக் கூட்டங்களில் முன்பாடும் மூத்தவர்கள் இன்னும் பழைய மெட்டுகளை வைத்திருக்கிறார்கள். தை மாதத்தில் அவர்களோடு நடந்து, நூலகப் புத்தகத்தின் பக்கங்களை அவர்கள் முன் வைத்து, எந்த மெட்டு எதற்குரியது என்று கேட்டு ஒலிப்பதிவு செய்வதற்குப் பெரிய நிதியோ கருவியோ தேவைப்படாது. கைப்பேசியும் நடக்கத் தெரிந்த கால்களும் போதும்.